எங்கள் தெருவுக்கு ரேடியம் பிள்ளையார் வந்த கதை

ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாதவனால் ஊருக்கு எந்தக் கெடுதலும் வருவதில்லை. நாவலூரில் ஆபீஸ் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடு வந்து சேர்வதற்குள் அந்த விஷயத்தைப் பற்றிச் செல்போனில் படித்து முடித்துவிட்டு இறங்குகிறான் பாருங்கள், அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அப்படி ஒரு நாள் இறங்கினேன். அதனால் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் வீடு செங்கல்பட்டின் பழைய பகுதியில் இருக்கிறது. தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் மாடு பின்னால் போய் வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எங்கள் அம்மா அடுப்பை அணைப்பாள். தரையெல்லாம் கடப்பாக்கல். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே சுகம் முன் அறையில் ஓர் ஏசி. குளிர்ந்த காற்று ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல் இடுக்குகளை டேப் போட்டு ஒட்டினார். கதவுக்கடியில் பழைய பெட்ஷீட்டைச் சுருட்டிச் செருகினார். எறும்புகூட வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். (அதாவது, மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.) என்னோடு வேலை பார்க்கும் ஜோசப் வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். மத்தியானம் சாப்பிடும்போது அங்கே அவன் குடியிருந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அங்கெல்லாம் வீடு வாங்குறதுக்கு முன்னாடி ரேடான் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பார்ப்பாங்கடா," என்றான்.

"அது என்ன?"

"ஒரு வாயு. மண்ணுலருந்து, பாறையிலருந்து வரும். கலர் கிடையாது, வாசனை கிடையாது. வெளியில வந்தா காத்தோட போயிடும். அடைச்சு வெச்ச ரூமா இருந்தா உள்ளயே தங்கிடும். வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல கேன்சர் வர வாய்ப்பிருக்கு. பீடி சிகரெட் தொடாதவனுக்குக்கூட."

நான் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். எங்கள் சித்தப்பா, அப்பாவின் தம்பி, நுரையீரல் புற்றுநோயில்தான் போனார். பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. டீக்கடையில் யாராவது பற்றவைத்தால் எழுந்து அந்தப் பக்கம் போய் நிற்பார். எப்படி வந்தது என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் கடைசிவரை படுத்திருந்தது எங்கள் முன் அறையில். இப்போது அதே அறையில் அப்பா படுத்துக்கொள்கிறார். அந்த மாதம் முழுக்க அப்பாவுக்கு வறட்டு இருமல் வேறு.

ஜோசப்பிடம் ரேடானை அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பார்க்க அலாரம் கடிகாரம் மாதிரி வெள்ளையாக இருந்தது. சில நாள் ஓர் இடத்தில் அசையாமல் வைத்தால் ஓர் எண் காட்டும். அதன் பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கம்பெனி பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முன் அறையில் அதை வைக்கத் தோதான இடம் ஷெல்ஃபில் பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பிள்ளையாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை தேன்மொழி மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு அந்த ஊரிலேயே மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் பெயர் சரவணன். அவன் அப்பா ஏகாம்பரம் கற்சிலைப் பட்டறை வைத்திருக்கிறார். பையனும் அதே தொழில். இது பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்று பெரியவர்கள் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பூ வைத்துவிட்டுப் போன வாரத்திலேயே ஏகாம்பரம் மாமா தன் கையால் செதுக்கிய கருங்கல் பிள்ளையார் ஒன்றை வேனில் ஏற்றி அனுப்பிவைத்தார். முழங்கால் உயரம்தான். ஆனால் இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வைத்திருந்தார் பாருங்கள், கல்லில் அப்படி வராது. அம்மா அவரை ஏசி அறையில் கீழ்த்தட்டில் உட்காரவைத்து, "சாமிக்கும் குளுகுளுன்னு இருக்கட்டும்," என்றாள்.

சில நாள் கழித்து மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு.

பஸ்ஸில் நான் படித்த கட்டுரை தெளிவாகச் சொல்லியிருந்தது: நாலுக்கு மேல் போனால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். நாலு எங்கே, தொண்ணூற்றாறு எங்கே? மீட்டரைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் வைத்தேன். அங்கே பின்கதவு எப்போதும் திறந்திருக்கும். இரண்டு நாளில் முப்பதுக்குப் பக்கம் வந்தது. அங்கேயும் நாலைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் முன் அறைதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. முன் அறையில் இருப்பது என்ன, சமையலறையில் இல்லாதது என்ன? யோசித்தேன். அதே கட்டுரையில் கடைசிப் பத்தியில், கிரானைட் போன்ற கற்களிலிருந்தும் கொஞ்சம் ரேடான் வரலாம் என்று ஒரு வரி இருந்தது. அதில் 'கொஞ்சம்' என்ற சொல் என் கண்ணில் படவில்லை.

திரும்பிப் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தேன்மொழி, "லூசாண்ணா நீ?" என்றாள். அம்மா முதலில் என் வாயை மூடினாள்.

"சம்பந்தி வூட்டு சாமியப் போய் விஷம்ன்ற. அவங்க காதுல வுழுந்தா இன்னாடா ஆவறது?"

"அம்மா, சித்தப்பா இந்த ரூம்லதான் படுத்திருந்தாரு."

அப்பா அந்த நேரம் பார்த்து இருமினார். அத்தோடு தீர்மானமாகிவிட்டது. பிள்ளையாரை ஒரே ஒரு நாள் வெளியே வைத்துப் பார்ப்பது, எண் குறைகிறதா என்று தெரிந்துகொள்வது, சாயங்காலம் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடுவது. தெருவில் யார் கேட்டாலும் வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். திட்டம் என்னுடையதுதான்.

சாக்கில் ஏற்றி, நானும் அப்பாவும் இழுக்க, அம்மாவும் தேன்மொழியும் தள்ள, பிள்ளையார் வாசலைத் தாண்டினார். வெளிப்பக்கப் படி வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோவதாக இருந்தோம். வாசல்படி இறங்கியதும் என் இடுப்பில் ஏதோ 'களுக்' என்றது. அதற்கு மேல் ஓர் அடி நகர்த்த முடியவில்லை. எங்கள் வாசலுக்கு நேரெதிரே, முனிசிபல் குழாய்க்குப் பக்கத்தில் வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில், கிழக்குப் பார்த்து, அவர் தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

சிலையை இழுக்கும்போது வேர்த்துக் கொட்டியதால் ஜன்னல் டேப்பைப் பிய்த்து, கதவுகளை அகலத் திறந்து வைத்திருந்தோம். காற்றும் அன்றைக்கு நன்றாக வீசியது. இரண்டு நாள் முன்பே மறுபடி முன் அறைக்குக் கொண்டுவந்திருந்த மீட்டரைச் சும்மா இருக்க முடியாமல் அடிக்கடி போய்ப் பார்த்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று வீடு முழுக்கக் கத்தினேன். ஜன்னலைத் திறந்ததால் இறங்குகிறது என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. (டெஸ்டிங்! பதவி உயர்வு வேறு கேட்டிருந்தேன்.)

வெளியே வந்தபோது, எதிர்வீட்டு மல்லிகா அக்கா பிள்ளையார் தலையில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"இன்னா தம்பி இப்டி கேக்குற? மரத்தடியில சாமி வந்து குந்திகினு கீது. காலையில தண்ணி புடிக்க வந்தவ, பாத்துட்டு சும்மா போவ முடியுமா?"

அதற்குள் அவளுடைய மாமியார் அருகம்புல்லோடு வந்தாள். மூலைக் கடைக்காரர் கற்பூரம் கொண்டுவந்தார். யாரோ தேங்காய் உடைத்தார்கள். நாஸ்தா வேளை முடிவதற்குள் பிள்ளையார் சந்தனம், குங்குமம், செவ்வரளி மாலை என்று கல்யாண மாப்பிள்ளையாகிவிட்டார். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (ரேடானை மாஸ்க் தடுக்காது. அதையும் படித்திருந்தேன். ஆனாலும் போட்டிருந்தேன்.)

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. உள்ளே ஏகாம்பரம் மாமா, அவர் மனைவி, சரவணன். செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், போகிற வழியில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். சொல்லாமல் வந்தால் சந்தோஷப்படுவோம் என்று வேறு நினைத்திருக்கிறார்கள்.

மாமா காரைவிட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் தன் பிள்ளையாரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? நம்ப சாமி தெருவுல கீது?"

என் அம்மா பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். அன்றைக்கு அவள் சொன்ன பொய்யை எந்தப் பட்டதாரியாலும் சொல்லியிருக்க முடியாது.

"வாங்கண்ணே, வாங்க. இவ்ளோ அயகான சாமிய நாங்க மட்டும் வூட்டுக்குள்ள பூட்டி வெச்சிகினு கும்புட்றது பாவமாப் பட்டுதுண்ணே. தெருவுக்கே பொதுவா இருக்கட்டும்னு வெச்சோம்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. மேல்துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். மல்லிகா அக்கா தட்டோடு ஓடிவந்து, "நீங்க அடிச்ச செலையாண்ணே? கண்ணு பேசுது," என்றதும் மாமா ஒரு முழம் வளர்ந்துவிட்டார். அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேன்மொழியும் சரவணனும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கலாம்.

மாமா உணர்ச்சிவசப்பட்டு என் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, உங்க மனசு யாருக்கு வரும்? வூடு வெறிச்சுனு கெடக்கக் கூடாது. அடுத்த வாரமே இதைவிடப் பெருசா, ரெண்டு பங்கு சைசுல ஒண்ணு அனுப்புறேன். அந்த முன்ரூம்லயே வெச்சிக்கங்க."

"ஐயோ, வேணாம்!"

என்னையறியாமல் கத்திவிட்டேன். மாஸ்க் வழியாகவே அது தெருக்கோடிவரை கேட்டது. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த மல்லிகா அக்காவின் கை நின்றது.

"ஏன் தம்பி வேணாம்?" என்றார் மாமா.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் ரெண்டு பங்கு சைஸ் என்றதும் தொண்ணூற்றாறை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டேன். "மாமா, தப்பா நினைக்காதீங்க, அந்தக் கல்லுலருந்து ரேடான்னு ஒரு வாயு வருது, மிஷின் வெச்சுப் பார்த்தேன், ரூம்ல அளவு ரொம்ப அதிகமா இருக்கு, அப்பா அங்கதான் படுக்கிறாரு," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இன்னா வருது?" என்றாள் மல்லிகா அக்கா.

"ரேடான்."

"ரேடியமா? வண்டில ஒட்டுவாங்களே, அதுவா?"

தெரு முழுக்க அது ரேடியமாகவே பரவியது. பிள்ளையாருக்கு ஊற்றிய தண்ணீரைத் தீர்த்தமாகக் குடித்திருந்த இரண்டு பேர் வேகமாகப் போய் வாய் கொப்பளித்தார்கள். மாமாவின் முகம் அவர் செதுக்கும் கல்லைவிடக் கறுத்துவிட்டது.

"எங்க கல்லு ஆளைக் கொல்லுதுன்றியா தம்பி? சின்ன வயசுலருந்து அந்தக் கல்லு மேலயே குந்தி, அந்தக் கல்லு மேலயே சோறு துன்னவன் நானு. நாங்க சாமின்னு குடுத்தத, விஷம்னு தெருவுல தூக்கிப் போட்டுட்டு, பொதுவா வெச்சோம்னு கதை வுட்றீங்க. இல்ல?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். தேன்மொழி உள்ளே போனாள். அவள் அழுதால் சத்தம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் நான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

மாமா கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியது சரவணன்தான்.

"கொஞ்சம் இருப்பா," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மச்சான், அந்த மிஷினை உனக்கு யாரு குடுத்தது?"

"என்கூட வேலை செய்யறவன். ஜோசப்."

"போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

போட்டேன். தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"ஜோசப், ரூம்ல தொண்ணூத்தாறு காட்டுச்சுடா. சேஃப் லிமிட் நாலுதானே?"

"தொண்ணூத்தாறு என்ன?"

"தொண்ணூத்தாறுதான்."

"டேய், யூனிட் என்னடா? நம்பருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்து, கம்பெனி பெயரென்று நான் நினைத்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். மறுமுனையில் ஜோசப் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை ஏகாம்பரம் மாமா உட்பட எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தோம்.

"அது பெக்கெரல்டா! நீ படிச்ச நாலு பிக்கோகியூரி. அது அமெரிக்காக்காரன் கணக்கு. கிலோமீட்டரும் மைலும் மாதிரி ரெண்டும் வேற வேற. அவன் கணக்குல பார்த்தா உன் ரூம் மூணுகூட வராது. உனக்குப் போய் பதவி உயர்வுக்கு சிபாரிசு பண்ணேன் பாரு!"

"அப்ப பிள்ளையாரு..."

"எந்தப் பிள்ளையாரு?"

சொன்னேன். இரண்டாவது முறை சிரிப்பு இன்னும் நீளமாக வந்தது. பிறகு கொஞ்சம் நிதானித்துச் சொன்னான். "சிலையெல்லாம் ஒண்ணும் பண்ணாதுடா. கீழ மண்ணுலருந்து வர்றதுதான் பெரும்பாலும். பழைய வீடு, தரையில விரிசல் இருக்கும், அது வழியா ஏறும். நீங்க டேப் ஒட்டி அடைச்சு வெச்சிருக்கீங்க, அதான் தேங்கி நின்னுச்சு. லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்படாத. ஆனா அந்த ஜன்னலைத் தொறந்து வைங்க. அப்பா இருமுறாருன்னா டாக்டர்கிட்ட காட்டு, மிஷின்கிட்ட காட்டாத."

போனை வைத்தேன். எனக்கு அந்த முனிசிபல் குழாய்க்குள் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

"மாமா," என்றேன். "மன்னிச்சிருங்க. எங்க சித்தப்பா அந்த ரூம்லதான் செத்தாரு. பீடி குடிக்காதவரு. ஏன் வந்துச்சுன்னு யாருமே சொல்லல. அப்பாவும் அங்கயே படுத்து இருமவும் எனக்கு வேற எதுவும் தோணல."

மாமா கார்க் கதவை மூடினார். வந்து வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தார்.

"என் தம்பிக்கும் நெஞ்சுலதான்," என்றார். "கல்லுத் தூசு. மிஷின் வெச்சு அறுக்கும்போது பொகையாட்டம் வரும். துண்டு கட்டிக்கடான்னு சொன்னா கேக்க மாட்டான். மூச்சு வுட முடியாம, குந்திகினே தூங்குவான். இப்ப அவன் பையனும் பட்டறைக்கு வரான். மூஞ்சில மாஸ்க்கு இல்லன்னா உளியத் தொட வுட மாட்டேன். பசங்க என்னை பேஜாரு புடிச்ச ஆளுன்னுதான் சொல்லுதுங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பயந்தது தப்பில்ல தம்பி. எங்களாண்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். செத்துப்போன இரண்டு தம்பிகளின் அண்ணன்கள், மரத்தடியில், பிள்ளையாருக்கு ஒரு பக்கமாக. மல்லிகா அக்கா உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துவந்தாள். சரவணன் எங்கள் வீட்டுக்குள் போனான். ரொம்ப நேரம் கழித்துத் தேன்மொழி சிரிக்கும் சத்தம் கேட்டது. டேப் பிய்த்த ஜன்னல் வழியாகத் தெளிவாகவே கேட்டது.

டீ குடித்த கையோடு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். பிறகு நான் பிள்ளையாரை உள்ளே கொண்டுபோகலாமா என்று கேட்டேன். தெரு ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

"வந்து குந்தின சாமிய யாரும் எயுப்பக் கூடாது," என்றாள் மல்லிகா அக்கா. வாய் கொப்பளித்த இருவரும்கூட அவள் பக்கம்தான். மாமாவே அடுத்த மாதம் ஒரு பீடம் செய்து அனுப்பினார். மூலைக் கடைக்காரர் தகரக் கொட்டகை போட்டார். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கொட்டகை நெற்றியில் பளபளவென்று 'அருள்மிகு ரேடியம் பிள்ளையார்' என்று ரேடியம் எழுத்திலேயே ஒட்டிவிட்டார்.

தேன்மொழி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அப்பாவுக்கு இருந்தது வெறும் அலர்ஜி. மருந்தும் திறந்த ஜன்னலுமாகச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. வீட்டில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. "பஸ் பத்தரைக்கு" என்றால், "எந்த யூனிட்ல மச்சான்?" தேன்மொழிக்குக் குழந்தை பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து எடை சொன்னாள். ஏகாம்பரம் மாமா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கிலோவான்னு கேட்டுக்கோ தம்பி," என்றார்.

சமீபத்தில் ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தேன். தெருப் பெயரைச் சொன்னேன். டிரைவருக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ரேடியம் பிள்ளையார் கோயில் என்றேன்.

"அப்டி சொல்லு சார்," என்று வண்டியைக் கிளப்பினார். "பவர்ஃபுல் சாமி. கதை தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"எதிர்ல ஒரு பழைய வூடு கீது. அந்த வூட்டுக்குள்ளதான் சாமி மொதல்ல இருந்துது. எல்லாத்தையும் டேப்பு போட்டு அடச்சி வெச்சிகினு இருந்தாங்களாம். உள்ள காத்து சரியில்லன்னு சாமியே தாங்க முடியாம, ஒரு ஞாயித்துக்கெயம காலையில தானா எய்ந்து வெளிய வந்து மரத்தடியில குந்திகிச்சு. அந்த வூட்டுப் புள்ளை இருக்கான் பாரு, பெரிய படிப்பு படிச்சவனாம். கையில மிஷின வெச்சிகினே அவனுக்குத் தெரியல. சாமிக்குத் தெரிஞ்சிகீது."

மறுத்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். ஜோசப் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். யோசித்தவரைக்கும் அவர் சொன்ன கதையில் ஒரு தப்பும் அகப்படவில்லை.

"இங்கயே நிறுத்துங்கண்ணே," என்று தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன்.